புரட்டாசியில் விழுந்த புளியம்பழம்

பூமாலை எதையும் நம்பமாட்டார். எடைக்கல்லை நம்பமாட்டார், தராசு முள்ளை நம்பமாட்டார். பேப்பரில் போட்டிருக்கிறான் என்று யாராவது சொன்னால், "அவன் வூட்டு மாடு கன்னு போட்டதயே அவன் சரியாப் போடமாட்டான், போய்யா" என்பார். ஓட்டுக் கேட்டு வருகிறவன் கும்பிட்ட கையைப் பிரித்து, உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்காத குறை. அவர் நம்பியது ஒன்றைத்தான், தன் கண்ணை. "நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பேசினால் சண்டை.

அந்தக் கண்ணும் அவரைக் கவிழ்த்துவிட்டது. கவிழ்த்தது கண்ணா, கண்ணுக்குப் பின்னால் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிற இன்னொன்றா என்று அவர் கடைசி வரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டுவதற்கு நியாயம் இருந்தது.

கச்சிராயபாளையத்திலிருந்து வடக்கனந்தல் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை வருஷா வருஷம் ஏலம் எடுத்து, மாசி பங்குனியில் உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து விற்பது அவர் பிழைப்பு. மரத்துக்கு ஒரு ஆள் என்பது அவர் வைத்திருந்த கட்டு. எந்தக் கிளை தாங்கும், எது மேலே பச்சையாகவும் உள்ளே உளுத்தும் கிடக்கும், எந்தப் பொந்தில் தேனீ அடைந்திருக்கும் என்பதெல்லாம் ஏறிப் பழகினவனுக்குத்தான் தெரியும். ஆளை மாற்றினால் கை காலில் ஒன்று போகும். அதனால் ஒருத்தன் ஒரு மரத்தில் ஏறிப் பழகிவிட்டால் மரத்துக்கே அவன் பேர் வந்துவிடும். சுபாஷ் மரம், ஊமையன் மரம், இப்படி. வளைவில் நின்ற பெரிய மரத்துக்கு டென்னிஸ் மரம் என்று பேர். வியாகுலத்தின் மகன் டென்னிஸ் ஆறேழு வருஷமாக அதில் ஏறிக்கொண்டிருந்தான். இடுப்பில் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு உச்சாணிக் கிளையில் நின்று அவன் உலுக்கினால் பழம் மழை மாதிரி சலசலவென்று கொட்டும். கீழே நிற்கிற பூமாலையைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். "மாமோவ், தலைய மூடிக்கங்க!"

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறித்தார்களே, அந்தப் புரட்டாசியில் நடந்தது இது. கேட்டதில் பூமாலைக்கு வருத்தம் கிடையாது. அவர் தங்கச்சி மகனே கொடி பிடித்துக்கொண்டு போனான். "கேக்க வேண்டியதுதான், யாரு வாணான்னா? என் மரத்த இன்னாத்துக்குடா வெட்டறீங்க?" என்பதுதான் அவர் கேள்வி. ரோட்டை மறிக்க மரத்தைத் தள்ளுவது என்று எவனோ ஆரம்பித்துவைக்க, ஊர் ஊராக அதே வேலையாகிவிட்டது. ஏலத்தில் எடுத்தவனுடைய வயிறு யார் கண்ணுக்குத் தெரிகிறது?

முதல் நாள் பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. மலைப் பக்கமிருந்து மூட்டமும் தூறலும் இறங்கிக்கொண்டிருந்தன. கோடாலிச் சத்தம் கேட்டு பூமாலை கரும்புக் கொல்லை வரப்பு வழியாக ஓடினார். வளைவில் டென்னிஸ் மரத்தடியில், மூட்டத்தில் முகம் தெரியாமல், நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கவட்டையில் ஒருத்தன் ஏறி நின்று கயிறு கட்டத் தோதாகக் கிளையைக் கழித்துக்கொண்டிருந்தான். "டேய்!" என்று பூமாலை கத்தினார். ஒரு கல் வந்து முழங்காலில் விழுந்தது. அதற்கு மேல் கிட்டே போக முடியவில்லை. அடிமரத்தை வெட்டிக் கயிற்றால் இழுக்க, மரம் முறிந்து ரோட்டின் குறுக்கே விழுந்தபோது அவர் வரப்பில் உட்கார்ந்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி கொளஞ்சியம்மாளிடம் சொன்னது இதுதான்: "எவனோ ஒரு கம்மனாட்டி மேல ஏறி வெட்டிக்கினு இருந்தான்டி." எவனோ. இந்த வார்த்தையை அப்புறம் அவர் மறந்தேபோனார். கொளஞ்சியம்மாள் மறக்கவில்லை.

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் எஸ்.ஐ. அரங்கநாதன் ஜீப்பில் வந்தார். விழுந்த மரத்துக்கெல்லாம் ஆள் காட்ட வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கடி. வெட்டினவர்கள் சொந்தக்காரர் வீடு, மலை, மெட்ராஸ் என்று போய்விட்டார்கள். பூமாலையை அடிமரத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்டார்.

"பெரியவரே, நீதான கண்ணால பாத்தது?"

"ஆமாங்க."

"மேல ஏறினது யாரு?"

"மூட்டமா இருந்துச்சுங்க. முதுகுதான்..."

"சரி வுடு. இந்த மரத்துல யாரு ஏறுவான்?"

"இது டென்னிஸ் மரங்க. அவன்தான் ஏறுவான்."

"வேற எவனும் ஏறமாட்டானா?"

"ஏறினா இன்னாத்துக்கு ஆவறது? எவனுக்கும் கிளை தெரியாது."

"அப்போ ஏறினவன் டென்னிஸாட்டம் இருந்தானா?"

பூமாலை யோசித்தார். கேட்ட உடனே மரத்தின் மேல் டென்னிஸ் வந்து நின்றான். நின்றான் என்றால் நன்றாகவே நின்றான். "இருந்தாப்பலதாங்க இருந்துச்சு" என்றார்.

போலீஸ்காரன் கேட்கிற கேள்வி இருக்கிறதே, அது பாதிக் கேள்வி, பாதி விதை. கேட்டுவிட்டுப் போய்விடுவான், அது பாட்டுக்கு உள்ளே கிடந்து முளைக்கும். "டென்னிஸ் என்பவர் மரத்தின் மேல் ஏறி வெட்டியதை நான் நேரில் பார்த்தேன்" என்று ஏட்டு எழுதிக்கொண்டார். பூமாலை கை நாட்டு வைத்தார். மறுநாள் டென்னிஸை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கி, "இவன்தான?" என்றார் எஸ்.ஐ. சட்டை கிழிந்து, உதடு வீங்கி நின்ற டென்னிஸ், "மாமா, நான் மலைல இருந்தேன் மாமா, சொல்லுங்க மாமா" என்றான்.

பூமாலைக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. சோறு போட்ட மரத்தை வெட்டிவிட்டு மாமாவாம். "இவன்தான்" என்றார்.

அதற்கப்புறம் டீக்கடையில் நாலு பேர் கேட்டார்கள், நாலு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் கதை நன்றாக வந்தது. முதலில் முதுகு இருந்தது. அப்புறம் முதுகுக்கு ஊதாச் சட்டை வந்தது. அப்புறம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். பூமாலை பொய் சொல்லவில்லை, அதை நான் அடித்துச் சொல்வேன். ஒவ்வொன்றையும் அவர் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

டென்னிஸ் மறியலுக்கு முந்தின நாளே வெள்ளிமலைக்குப் பள்ளிக்கூடக் கட்டட வேலையில் கல் சுமக்கப் போயிருந்தான். பஸ் நின்றுவிட்டதால் வாரம் பூரா மலையிலேயே கிடந்தான். முதல் பஸ்ஸில் இறங்கி வந்தான், கூப்பிட்டதும் ஸ்டேஷனுக்குப் போனான். கூப்பிட்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான், ஆகவே குற்றவாளியும் அவன் ஒருத்தன்தான். மலையில் கூட வேலை செய்தவர்களை அழைத்துவரட்டுமா என்று வியாகுலம் போய்க் கேட்டதற்கு, "மலைக்காரன் சாட்சியெல்லாம் ஒரு சாட்சியா" என்று விரட்டிவிட்டார்கள். "அந்தப் போராட்டத்துக்கும் எங்க சாதிக்கும் இன்னாங்க சம்மந்தம்? குடுத்தா எங்களுக்கா குடுக்கப்போறாங்க?" என்று அந்த மனுஷன் கேட்டுப்பார்த்தார். ஜாமீன் நிற்கவும் ஆளில்லை. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று மாசங்கள் போயின, டென்னிஸ் உள்ளேயே கிடந்தான்.

ஊருக்கு இதில் ஒரு வருத்தமும் கிடையாது. உள்ளூர்ப் பையன்கள் ஒவ்வொருத்தனாக ராத்திரி பயமில்லாமல் வீடு திரும்பினார்கள்.

அந்த வருஷம் தை கடைசியிலேயே மற்ற மரங்களில் உலுக்கல் ஆரம்பித்தது. சுபாஷ் மரத்தடியில் படுதாவை விரித்துவிட்டு பூமாலை நின்றுகொண்டிருந்தார். மேலே சுபாஷ் உலுக்கினான். பழம் கொட்டிக்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டென்னிஸின் அக்கா கிரேஸ் வந்தாள். வருஷா வருஷம் பூமாலை கொட்டகையில் புளி தட்டுகிறவள். வாய்க்காரி. எப்போதும் மாமா என்று கூப்பிடுகிறவள் அன்றைக்குக் கூப்பிட்டது வேறு மாதிரி.

"பெரியவரே, வர்ற வாரம் கோர்ட்டு. இன்னா சொல்லப்போறீங்க?"

"பாத்தத சொல்லப்போறேன்."

"இன்னா பாத்தீங்க?"

"ஒன் தம்பியப் பாத்தேன்."

"அதான் இன்னா பாத்தீங்கன்னு கேக்கறேன். ஊரு பூரா சொன்னீங்களே, எனக்கும் ஒரு தபா சொல்லுங்க. நானும் கேட்டுக்கறேன்."

"சொல்றதுக்கு எனக்கு இன்னாடி பயம்?" பூமாலை தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "மேல நின்னான். ஊதாச் சட்ட. இடுப்புல கோணிப்பையி கட்டிக்கினு இருந்தான். நான் டேய்னு கத்தினேன். திரும்பி என்னப் பாத்து ஈன்னு இளிச்சான். அந்த இளிப்ப நான் சாவற வரைக்கும் மறக்கமாட்டேன். காலால கிளைய ஒரு ஒதை ஒதைச்சான். பழமெல்லாம் சலசலன்னு என் தலை மேல கொட்டுச்சு..."

"இன்னா கொட்டுச்சு?"

"பழம்டி! புளியம்பழம்!"

கிரேஸ் சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "புரட்டாசியில பழமா? ஏங்க கொளஞ்சியம்மா, ஒங்க வூட்டுக்காரரு மரத்துல மட்டும் புரட்டாசியில பழம் பழுக்குமா? அப்போ சுண்டு வெரலு கனத்துக்குப் பிஞ்சு தொங்கும். அது பொறுக்கவா கோணி கட்டிக்கினு போனான் எந் தம்பி? வரப்புல நின்ன ஆளு தலைல எப்பிடிங்க கொட்டுச்சு?"

"அடிங், ஒனக்கு இன்னா தெரியும்..." என்று கையை ஓங்கிக்கொண்டு போன பூமாலை பாதியில் நின்றார். சுபாஷ் மேலே இன்னொரு கிளையை உலுக்க, நாலு பழம் அவர் தோளில் விழுந்து உருண்டது. அவர் கீழே கிடந்த பழத்தைப் பார்த்தார். ஓடு உடைந்து செந்நிறமாகச் சதை தெரிந்தது. புரட்டாசி. பிஞ்சு. பச்சைப் பிஞ்சு. உலுக்கினாலும் விழாது.

"மாசிலதான் கோணி கட்டுவான்" என்றார் தனக்குத்தானே.

கொளஞ்சியம்மாள் பழம் பொறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள். "அன்னிக்கி வூட்டுக்கு வந்து எவனோன்னுதான சொன்ன. எவனோ ஒரு கம்மனாட்டின்னு. போலீசு வந்துட்டுப் போனப்புறம்தான் அவன் டென்னிஸ் ஆனான். எனக்கு அப்பவே ஒரு மாரியா இருந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னா கேட்டுட்டு மறுவேலை பாப்ப பாரு! நான் பாத்தேன் நான் பாத்தேன்னு குதிக்கிற ஆளுகிட்ட யாரு வாயக் குடுக்கறது?"

கிரேஸ் அழவில்லை. "எந் தம்பி சோத்துக்கு இல்லாம உள்ள கெடக்கறான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பூமாலை அன்றைக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வளைவுக்குப் போனார். ரோட்டோரம் அடிக்கட்டைதான் மிச்சம். கரும்புக் கொல்லை வரப்பில், அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்று கண்ணை மூடினார். டென்னிஸ் மேலே நின்றான், சிரித்தான். "இருடா" என்று மனசுக்குள் அவனைத் தள்ளப் பார்த்தார். பழத்தை எடுத்துவிட்டார், கோணியை எடுத்துவிட்டார், ஊதாச் சட்டையை எடுத்துவிட்டார். முகம் போகவில்லை. மூட்டத்தில் முதுகு காட்டி நின்ற அந்த எவனோவை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அவன் இருந்த இடத்தில் டென்னிஸ் குடிவந்துவிட்டான். ஒண்ட வந்தவன் வீட்டுக்காரனைத் துரத்திவிட்ட கதைதான்.

எதிரி வெளியே இருந்தால் கல்லாலாவது அடிக்கலாம். இது சொந்த மண்டை. "நீ இன்னாடா படிச்ச, எவன்டா ஒனக்குக் கத்துக் குடுத்தது?" என்று நெற்றியில் அறைந்துகொண்டார். கத்துக் கொடுத்தது அவரேதான். ஆறேழு வருஷமாக அந்த மரத்தை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அங்கே டென்னிஸ்தான் இருந்தான். மரம் என்றால் அவன், அவன் என்றால் மரம் என்று மண்டை பழகிவிட்டது. முதுகு மட்டும் தெரிந்ததும் மிச்சத்தைத் தன் கையிருப்பிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டது. கேட்காமல் ஒட்டியது. ஒட்டினேன் என்று சொல்லவும் இல்லை. இதைவிடத் திருட்டுத்தனம் வேறு உண்டா?

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே கொளஞ்சியம்மாளிடம் கத்தினார். "கண்ணால பாக்கறதுக்கும் கனா காண்றதுக்கும் வித்தியாசம் இல்லன்னா மனுசன் எப்படிடி பொழைக்கிறது?"

"வாசக்காலு ஒசத்தி எத்தினி வருசமாச்சு? இன்னும் நீ குனிஞ்சிதான உள்ள வர்ற" என்றாள் அவள். "நானும்தான் குனியறேன். குனியறதுக்கு யாரும் ஜெயிலுக்குப் போவல, அதனால வெளிய தெரியல. சாப்புடு."

மறுநாள் டீக்கடையில் பச்சமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னார். ஊரில் நாலு காரியத்துக்கு முன்னால் நிற்கிறவர் பச்சமுத்து. அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"டென்னிஸ் இல்லன்னா வேற எவன்னு போலீஸ்காரன் கேப்பான். இன்னா சொல்லுவ?"

"தெரியலன்னு சொல்லுவேன்."

"தெரியலன்னா வுடுவானா? ஊருக்குள்ள பூந்து பையனுங்கள அள்ளுவான். ஒன் தங்கச்சி மவனும்தான் அதுல இருக்கறான். எதோ ஒருத்தன் போய்ட்டான், கேசு முடிஞ்சுதுன்னு இருக்குது. அதக் கெளறாத பூமால."

"எதோ ஒருத்தனா? நாலு மாசத்துக்கு மேல உள்ள கெடக்கறான்யா!"

"நீதான காட்டின?" என்றார் பச்சமுத்து.

சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்தார்கள். மரம் வெட்டினது யார் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். கண்ணாரப் பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, சரியாகப் பார்க்காதவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பூமாலைக்கு அப்போதுதான் உறைத்தது. தன் சாட்சி ஏன் ஊருக்கு இவ்வளவு ருசித்தது, ஏன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், ஏன் ஒவ்வொரு தடவையும் டீக்குக் காசு வாங்கவில்லை! ஊதாச் சட்டையை எடுத்துக் கொடுத்ததுகூட இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த எவனோதான். "ஊதாச் சட்டையா போட்டிருந்தான்?" என்று கேட்டான். இவர் ஆமாம் என்றார். கேட்டவன் எவன் என்றுகூட இப்போது ஞாபகமில்லை. சட்டை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நேராக ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. அரங்கநாதன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஐயா, நான் பாத்தது முதுகுங்க. முகத்த அப்புறமா என் மண்டை ஒட்டிக்கிச்சுங்க. எழுதினத மாத்தணும்."

"யோவ் பெரிசு, வியாகுலம் இன்னா குடுத்தான்?"

"அவனுக்கே கஞ்சி இல்லங்க. பழம் கொட்டுச்சுன்னு எனக்கு ஞாபகம் வருதுங்க. புரட்டாசியில பழமே கெடையாதுங்க. அதனால..."

"பழம் பத்தி நான் எதாவது எழுதினேனா? எழுதல இல்ல? அப்புறம் இன்னா? போ. கோர்ட்ல வந்து ஒழுங்கா சொல்லு. மாத்திப் பேசினா ஒன் மேல பொய்ச் சாட்சி கேசு போடுவேன்."

"நான் சொன்னதுதாங்க பொய்யி, மாத்தறது எப்படிங்க..."

"ஏட்டையா, இந்தாள வெளிய அனுப்புங்க."

வெளியே வந்து ரோட்டில் நின்று, ஜீப்பைப் பார்த்துக் காறித் துப்பினார். மரம் போனபோதுகூட அவருக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

அடுத்த வாரம் டவுன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போனார். கொளஞ்சியம்மாள் கூட வந்தாள். டென்னிஸ் கூண்டில் நின்றான். பூமாலை அவனைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார். பார்த்தால் எங்கே இன்னொரு பூச்சுப் பூசிவிடுமோ என்று மண்டை மேல் பயம்.

அரசு வக்கீல் வழவழவென்று பேசுகிற ஆள். "பெரியவரே, மரத்தின் மேல் நின்று வெட்டியவரை இந்தக் கோர்ட்டில் அடையாளம் காட்ட முடியுமா?"

"முடியாதுங்க."

வக்கீல் பேப்பரைப் புரட்டினார். "டென்னிஸ்னு சொல்லியிருக்கீங்களே?"

"சொன்னேங்க. இப்பவும் கண்ண மூடினா டென்னிஸ்தான் தெரியறான். நல்லாவே தெரியறான். ஆனா அது அவன் இல்லங்க."

கோர்ட்டில் சிரித்தார்கள்.

"தெரியறான்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் இல்லைன்னா?"

"சிரிக்காதீங்க!" பூமாலை சாட்சிக் கூண்டின் கட்டையைத் தட்டினார். "நான் பாத்தது மூட்டத்துல ஒரு முதுகு. அது அவன் ஏறுற மரம். அவன் ஏறி ஏறி நான் பாத்துப் பழகின மரம். அதனால என் மண்டை அவனத் தூக்கி அங்க வெச்சிட்டுது. வெச்சது போவாம பழத்த வேற கொட்டுது, புரட்டாசியில! நான் இன்னா பண்ண? எஸ்.ஐ. ஐயா கேட்டாரு, இந்த மரத்துல யாரு ஏறுவான்னு. யாரு ஏறுவான்னு கேட்டதுக்குச் சொன்ன பதில, யாரு ஏறினான்னு எழுதிக்கினாங்க. அப்புறம் அவனையே கொண்டாந்து முன்னால நிறுத்தி இவன்தானான்னு கேட்டாங்க. மூணு தபா காட்டினா எவனுக்குத்தான் ஒட்டாது? ஒங்களுக்கு ஒட்டாதா?"

"சாட்சி பிறழ்ந்துவிட்டதாக..." என்று வக்கீல் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார்.

"பிறழ்றதுன்னா இன்னாங்க?"

"பேச்சு மாறுறது."

"நான் பேச்சு மாறல. நாலு மாசமா மாறாம சொன்னேனே, அதுதான் தப்பு."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பெரியவரே, யாராவது மிரட்டினாங்களா? பணம் கொடுத்தாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"மிரட்டினது ஸ்டேஷன்லதாங்க. இத சொல்லாதன்னுதான் மிரட்டினாங்க. எழுதிக்கங்க."

"அப்போ யாரைப் பார்த்தீங்க?"

"முதுக. பேரில்லாத முதுகுங்க. அதுக்கு மேல எதாச்சும் சொன்னா அது நான் பாத்தது இல்லங்க, என் மண்டை செஞ்சது."

மாஜிஸ்திரேட் அதை எப்படி எழுதினார் என்பது பூமாலைக்குத் தெரியாது. பார்த்த சாட்சி வேறு யாரும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் டென்னிஸை விட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

அதற்கு முன்னால் தாழ்வாரத்தில் எஸ்.ஐ. வந்து வழிமறித்தார். பின்னால் ஒரு ஏட்டு, வேறு கேசுக்கு வந்த ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"முதுகுதான பாத்த? நல்ல மனுசன். டேய், திரும்பி நில்றா. பெரிசு, இந்த முதுகா பாரு. நல்லா பாத்துச் சொல்லு."

பூமாலை கண்ணை இறுக மூடிக்கொண்டார். "காட்டாதீங்க."

"கண்ணத் தொறய்யா."

"தொறக்கமாட்டேன். காட்டினா ஒட்டிக்கும். ஒருத்தன ஒட்டவெச்சது போதும். கூட்டிக்கினு போங்க!" போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள், "வுடுங்க சார், அது மொரட்டு ஜென்மம், செத்தாலும் தொறக்காது" என்றாள். பூட்ஸ் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போனது.

பூமாலை அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் ஆள் வந்து நிற்பது தெரிந்தது.

"போய்ட்டாங்க. கண்ணத் தொறங்க."

"யாரு?"

"டென்னிஸ்."

"போடா அந்தப் பக்கம்" என்றார் பூமாலை, கண்ணைத் திறக்காமல். "ஒன் மூஞ்சி இன்னும் மரத்து மேலதான் இருக்குது. எறங்க மாட்டேங்குது."

"அந்த மரம்தான் இல்லியே."

"அதான்டா நானும் சொல்றேன். மரமே இல்ல, நீ இன்னும் ஏறிக்கினு இருக்கற!"

டென்னிஸ் எதிரே வந்து உட்கார்ந்தான். அவன் குரலில் பழைய மாமோவ் இல்லை. "நான் உள்ள கெடந்தேன், நீங்க வெளிய இருந்தீங்க. நான் எறங்கலன்னு எங்கிட்டயே பிராது சொல்றீங்களா? என்னப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

பூமாலை கண்ணைத் திறந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போய், ஒரு ஆள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷமும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த முகம். மோவாயும் பல்லும்தான் அவருக்குப் பழக்கம். நேருக்கு நேராக, இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. இடது புருவத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு ஓடியது.

"இது இன்னாடா தழும்பு? ஸ்டேஷன்ல அடிச்சானுங்களா?"

"பழைய தழும்பு. மொத வருசம் ஏறினப்ப விழுந்தது. ஒங்க மரத்துலேர்ந்துதான். நீங்கதான் மஞ்சள் வெச்சிக் கட்டினீங்க."

பூமாலைக்கு அது ஞாபகமே வரவில்லை. விழுந்ததும் தெரியவில்லை, கட்டினதும் தெரியவில்லை. நடக்காததை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த மண்டை, நடந்ததை எங்கேயோ வீசி எறிந்திருக்கிறது. அவருக்குக் காது சிவந்தது. "தூத்தேறி" என்றார். டென்னிஸைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று கொளஞ்சியம்மாளுக்கே விளங்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்திலிருந்து கிரேஸ் கூப்பிட்டாள். "டேய், பஸ்ஸு வந்துட்டுது. அந்தாளுகிட்ட இன்னா பேச்சு? வாடா."

டென்னிஸ் எழுந்து போனான். வியாகுலம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்று பேரில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பூமாலை அந்த முதுகையே, பஸ்ஸில் ஏறி மறைகிற வரைக்கும், ஒன்றும் விடாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.